மை வே ஒரு மொழிபெயர்ப்பு அல்ல: பிரெஞ்சுப் பாட்டுகள் ஆங்கிலத்துக்கு வந்த விதம்

அமெரிக்கப் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா பாடிய 'மை வே' பற்றிப் பேச்சு வந்தால் மூன்று கருத்துகள் அடிபடும். சினாட்ரா தன் வாழ்க்கையைத் தானே எழுதிப் பாடினார் என்பார்கள் சிலர். அது ஒரு பிரெஞ்சுப் பாட்டின் மொழிபெயர்ப்பு என்பார்கள் இன்னும் சிலர். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சுட்டது என்று ஒரே போடாகப் போடுபவர்களும் உண்டு. மூன்றுமே தவறு. 'ஆட்டம் லீவ்ஸ்', 'பியாண்ட் த சீ', 'சீசன்ஸ் இன் த சன்' என்று ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட எத்தனையோ பாட்டுகளைப் பற்றியும் இதே குழப்பம் இருக்கிறது. இந்தப் பாட்டுகளை எழுதியவர்களுக்கு உரிய பெயர் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் இதை அடியிலிருந்து சொல்கிறேன். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை, பிரெஞ்சும் வேண்டாம்.

தத்தகாரத்திலிருந்து தொடங்கலாம்

தமிழ்ச் சினிமாவில் பாட்டு பிறக்கும் விதம் நமக்குத் தெரியும். இசையமைப்பாளர் முதலில் மெட்டைப் போடுவார். அதில் சொற்கள் இருக்காது. 'தன னன தானா' என்று தத்தகாரம் மட்டும் இருக்கும். பாடலாசிரியர் அந்தத் தத்தகாரத்தைக் கேட்டு, குறிலுக்குக் குறிலும் நெடிலுக்கு நெடிலுமாகச் சொற்களை உட்கார வைப்பார். மெட்டு ஒருவருடையது, வரி இன்னொருவருடையது.

இப்போது ஒரு பிரெஞ்சுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுத வருபவருக்கு அதன் பிரெஞ்சு வரிகள்தான் தத்தகாரம். எத்தனை ஒலிகள், எது நீளம், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதையெல்லாம் அவை சொல்லும். அந்த வரிகளின் பொருளை அவர் எடுத்துக்கொள்ளலாம், பாதி எடுக்கலாம், முழுக்க விட்டுவிடவும் செய்யலாம். மெட்டை மட்டும் மாற்ற முடியாது.

இதைத்தான் தழுவல் என்கிறோம்: இருக்கிற மெட்டுக்கு, உரியவர்களின் அனுமதியோடு, வேறு மொழியில் புதிதாக வரி எழுதுவது. கவர் என்பது வேறு. ஒரே மெட்டையும் ஒரே வரியையும் இன்னொருவர் பாடிப் பதிவு செய்தால் அது கவர். எல்விஸ் ப்ரெஸ்லி 'மை வே' பாடியது கவர். 'மை வே' பிறந்தது தழுவலால்.

சுருக்கமாக: மொழி எல்லையைத் தாண்டி வந்தது மெட்டு. வரிகள் இந்தப் பக்கம் புதிதாக எழுதப்பட்டவை.

இலைகள் இடம் மாறிய கதை

தழுவலின் நுட்பம் முழுவதையும் ஒரே பாட்டில் பார்க்க வேண்டுமென்றால் நான் 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டைத்தான் காட்டுவேன்.

இதன் மெட்டைப் போட்டவர் ஜோசஃப் கோஸ்மா. புடாபெஸ்ட்டில் பிறந்த யூதர், 1933-ல் பாரிசுக்கு வந்தவர். 1945-ல் ரோலான் பெத்தி அமைத்த ஒரு பாலே நடனத்துக்காக அவர் எழுதிய இசையிலிருந்து இந்த மெட்டு கிளைத்தது. கவிஞர் ஜாக் ப்ரெவேர் அதற்கு வரி எழுதினார். பாட்டின் பெயர் 'லே ஃபோய் மோர்த்', உதிர்ந்த இலைகள். 1946-ல் மார்செல் கார்னே இயக்கிய ஒரு படத்தில் இடம்பெற்றது. பிறகு ஈவ் மோன்தான் குரலில் பிரான்ஸ் முழுக்கப் பரவியது.

பிரெஞ்சுப் பாட்டுக்கு இரண்டு பகுதிகள். முதலில் நம் தொகையறா போல, தாளக் கட்டு தளர்ந்து, பேசுவது போல ஒரு நீண்ட பகுதி. அதன் பிறகு எல்லோரும் முணுமுணுக்கும் பல்லவி. உதிர்ந்த இலைகள் வருவது தொகையறாவில். மண்வெட்டியால் அள்ளும் அளவுக்கு இலைகள் குவிந்து கிடக்கின்றன, நினைவுகளும் வருத்தங்களும் அப்படியே என்கிறார் ப்ரெவேர். பல்லவியில் இலையே கிடையாது. நாம் ஒருவரையொருவர் நேசித்தோம், வாழ்க்கை சத்தமில்லாமல் பிரித்துவிடுகிறது, பிரிந்தவர்களின் காலடித் தடங்களைக் கடல் மணலிலிருந்து அழித்துவிடுகிறது என்று அது முடிகிறது.

ஆங்கில வரி எழுதியவர் ஜானி மெர்சர், அமெரிக்காவின் தேர்ந்த பாடலாசிரியர்களில் ஒருவர். அவர் தொகையறாவைத் தொடவே இல்லை. பல்லவியின் மெட்டை மட்டும் எடுத்தார். ஆனால் தொகையறாவில் கிடந்த இலைகளைக் கீழே இறக்கிப் பல்லவியின் முதல் வரியிலேயே வைத்தார். ஜன்னலோரம் இலைகள் உதிர்கின்றன, கோடையில் தந்த முத்தங்களும் வெயிலில் கறுத்த கைகளும் நினைவுக்கு வருகின்றன, இனிக் குளிர்காலம் வரும். ப்ரெவேரின் கடல் போய்விட்டது, மணலும் காலடியும் போய்விட்டன. ப்ரெவேருக்குப் பிரிவு எல்லா மனிதர்களுக்கும் நேர்வது. மெர்சருக்கு அது ஓர் ஆள், ஒரு ஜன்னல், ஒரு பருவம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், ஒன்று இன்னொன்றின் நிழல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு கவிதைகளுக்கு ஒரே மெட்டு கிடைத்திருக்கிறது.

ஒலி எப்படிப் பொருந்துகிறது

இங்கே ஒரு சொல்லை அறிமுகப்படுத்துகிறேன்: ஒலியசை. ஒரு சொல்லை உடைத்துச் சொன்னால் ஒரே வீச்சில் ஒலிக்கும் துண்டு. 'அம்மா'வில் இரண்டு, 'வருவான்' என்பதில் மூன்று. பாட்டில் பொதுவாக ஒரு சுரத்துக்கு ஓர் ஒலியசை. ஆகவே பிரெஞ்சு வரியில் ஒன்பது ஒலியசை இருந்தால் ஆங்கில வரியிலும் ஒன்பது வேண்டும்.

கோஸ்மாவின் பல்லவியில் முதல் வரி நான்கும் ஐந்துமாக ஒன்பது, இரண்டாம் வரி எட்டு. மெர்சரின் வரிகளை எண்ணிப் பாருங்கள், அதே ஒன்பது, அதே எட்டு.

எண்ணிக்கை மட்டும் போதாது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லிலும் ஏதாவது ஓர் ஒலியசை ஓங்கி ஒலிக்கும். அதை அழுத்தம் என்போம். 'விண்டோ' என்ற சொல்லில் 'விண்' ஓங்கும், 'டோ' தணியும். மாற்றிச் சொன்னால் கேட்பவருக்கு அந்நியமாக இருக்கும். பிரெஞ்சில் சொல்லுக்குச் சொல் இப்படி நிலையான அழுத்தம் இல்லை. ஒரு தொடரின் கடைசியில்தான் சற்று எடை விழும். அதனால் பிரெஞ்சுப் பாடலாசிரியருக்கு வரியின் நடுவில் நிறையச் சுதந்திரம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத வருபவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தாளத்தின் தட்டு எங்கே விழுகிறதோ அங்கே அவருடைய சொல்லின் அழுத்தமும் விழுந்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிரெஞ்சில் பல சொற்களின் கடைசியில் ஒரு மெல்லிய உயிரொலி உண்டு. பேச்சில் பெரும்பாலும் கேட்காது, பாட்டில் கேட்கும், ஓர் இறகு விழுவது போல. கோஸ்மாவின் முதல் வரி அப்படித்தான் முடிகிறது, எடையான ஒரு சுரம், அதைத் தொட்டு இலேசான ஒன்று. மெர்சர் அங்கே 'விண்டோ' என்ற சொல்லை வைத்தார். முதலில் எடை, பிறகு தணிவு, அச்சாகப் பொருந்துகிறது. இரண்டாம் வரி எடையோடு சட்டென்று முடிகிறது. அங்கே 'கோல்டு' என்ற ஓரசைச் சொல். கேட்பவர் யாரும் இதை எண்ணுவதில்லை. ஆனால் இது தப்பினால் 'என்னமோ ஒட்டவில்லையே' என்று காது சொல்லிவிடும்.

இதே கணக்கைப் பிரெஞ்சுப் பாடகர் சார்ல் ட்ரெனே எழுதிய 'லா மேர்' பாட்டில் இன்னும் தெளிவாகக் காணலாம். முதல் மூன்று துண்டுகள் இரண்டு, நான்கு, ஆறு ஒலியசைகளாக வளர்கின்றன, அலை விரிவது போல. ஜாக் லாரன்ஸ் எழுதிய 'பியாண்ட் த சீ' பாட்டிலும் இரண்டு, நான்கு, ஆறுதான்.

சுருக்கமாக: மெட்டு மூன்று நிபந்தனைகள் போடுகிறது. ஒலியசையின் எண்ணிக்கை, அழுத்தம் விழும் இடம், வரி முடியும் விதம். இவை மூன்றும் பொருந்திய பிறகு மிஞ்சும் இடத்தில்தான் பொருள் நுழைய முடியும்.

பொருள் ஏன் மாறுகிறது

நிபந்தனைகள் இவ்வளவு இறுக்கமாக இருக்கும்போது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க வழியில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பாட்டு யார் குரலில், எந்தச் சந்தைக்குப் போகிறது என்பது.

ட்ரெனேயின் 'லா மேர்' பாட்டில் காதலி யாரும் காத்திருக்கவில்லை. கடல், அதன் நிறங்கள், மேகங்கள், குளங்கள், இவைதான் பாட்டு. அமெரிக்க நடனக் கூடங்களில் ஓட வேண்டிய பாட்டுக்கு ஒரு காதல் தேவைப்பட்டது. லாரன்ஸ் கடலுக்கு அக்கரையில் ஒருத்தியைக் காத்திருக்க வைத்தார். 1959-ல் பாபி டேரின் அதைத் துள்ளலோடு பாடி வெளியிட்ட பிறகு, இது இயற்கையைப் பாடிய பாட்டு என்பதே ஆங்கிலம் கேட்பவர்களுக்குத் தெரியாமல் போனது.

'மை வே'க்கு வருவோம். 1967-ல் ஜாக் ரெவோ தந்த ஒரு மெட்டை எடுத்து, பாடகர் க்ளோது ஃப்ரான்ஸ்வா அதைச் செப்பனிட்டு, ஜில் திபோவோடு சேர்ந்து வரி எழுதினார். பாடகி ஃப்ரான்ஸ் காலுடனான உறவு முறிந்திருந்த நேரம் அது. 'கொம் தபிட்யூட்' என்பது பாட்டின் பெயர், 'வழக்கம் போல' என்று பொருள். காலையில் எழுகிறான். அவள் எழவில்லை. போர்வையை இழுத்து அவள்மேல் போர்த்துகிறான், வழக்கம் போல. தனியாகக் காப்பி குடிக்கிறான், நாள் முழுக்கச் சிரித்து நடிக்கிறான், இரவு திரும்பினால் அவள் இல்லை, குளிர்ந்த படுக்கையில் கண்ணீரை மறைக்கிறான், வழக்கம் போல. காதல் செத்த வீட்டில் ஒரு நாள், அவ்வளவுதான்.

கனடாவில் பிறந்த பாடகர் பால் ஆங்கா இதைப் பிரான்சில் கேட்டார். ஆங்கில வரியைச் சினாட்ராவுக்கென்றே எழுதினார், சினாட்ரா எப்படிப் பேசுவாரோ அந்தத் தோரணையில். சினாட்ரா பதிவு செய்தது 1968 டிசம்பர் 30. அப்போது அவருக்கு வயது 53, எழுதிய ஆங்காவுக்கு 27. வாழ்ந்து முடித்த ஒரு மனிதர் திரும்பிப் பார்க்கும் பாட்டை முப்பதைத் தொடாத ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. சினாட்ராவின் சொந்தக் கதை என்று பலர் நம்புவதே அந்த எழுத்தின் வெற்றிதான்.

கதை முற்றிலும் மாறியது. மாறாமல் நின்றது பாட்டின் எலும்புக்கூடு. தாழ்ந்த குரலில் பேச்சாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, ஒவ்வொரு சரணமும் ஒரே சிறு தொடரில் வந்து விழுகிறது. ஃப்ரான்ஸ்வாவுக்கு அந்தத் தொடர் சலிப்பு, ஒவ்வொரு முறையும் கனம் கூடும் சலிப்பு. ஆங்காவுக்கு அது பெருமிதம். ஒரே ஏற்றம் இரண்டு எதிர் உணர்ச்சிகளைத் தாங்குகிறது என்றால், அந்த மெட்டைப் போட்டவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

மாற்றம் எப்போதும் இலாபம் என்று சொல்ல மாட்டேன். பெல்ஜியத்தில் பிறந்து பிரெஞ்சில் பாடிய ஜாக் ப்ரெல், 1961-ல் 'லெ மொரிபோன்' என்ற பாட்டை எழுதினார். சாகக் கிடப்பவன் ஒவ்வொருவரிடமாக விடைபெறுகிறான்: நண்பன், பாதிரியார், மனைவியின் கள்ளக் காதலன், கடைசியில் மனைவி. என்னைக் குழியில் இறக்கும்போது எல்லோரும் சிரியுங்கள், ஆடுங்கள் என்கிறான். கசப்பும் கிண்டலும் கலந்த பாட்டு. அமெரிக்கக் கவிஞர் ராட் மக்யூவன் இதை 'சீசன்ஸ் இன் த சன்' என்று ஆங்கிலமாக்கியபோது பாதிரியாரும் காதலனும் போய் அப்பா வந்தார். மனைவியின் துரோகம் மட்டும் மிஞ்சியது. கனடாவின் டெர்ரி ஜாக்ஸ் அதையும் எடுத்துவிட்டு மிஷேல் என்ற சிறு மகளை வைத்தார். 1974-ல் அது அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. படிப்படியாகக் கசப்பை வடிகட்டியதில் பாட்டு கோடிக்கணக்கானவர்களைச் சேர்ந்தது, ப்ரெலின் மனிதன் காணாமல் போனான். எனக்கு இது இழப்புதான்.

மூலத்தை ஒட்டியே நின்ற தழுவல்களும் உண்டு. சார்ல் அஸ்னவூரின் 'யேர் ஆங்கோர்' பாட்டு, இருபது வயதை வீணடித்த ஒருவனின் புலம்பல். தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஹெர்பர்ட் கிரெட்ஸ்மர் ஆங்கிலத்திலும் அதே மனிதனை, அதே வருத்தத்தோடு நிறுத்தினார். இருவரும் பிறகு எதிர்த்திசையிலும் போனார்கள். 'ஷீ' என்ற பாட்டை ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடருக்காக முதலில் ஆங்கிலத்தில் உருவாக்கினார்கள். அதன் பிரெஞ்சு வடிவம்தான் தழுவல்.

சுட்டதா, வாங்கியதா?

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று படைப்பு: மெட்டும் வரியும். இன்னொன்று பதிவு: ஒரு பாடகர் ஸ்டூடியோவில் பாடி ஒலிநாடாவில் ஏற்றியது. படைப்பின் உரிமை எழுதியவர்களிடமும் அவர்களுடைய பதிப்பாளரிடமும் இருக்கும். இங்கே பதிப்பாளர் என்பவர் புத்தகம் போடுபவர் இல்லை, பாட்டின் உரிமையைக் கவனித்து, வெளியே கொடுத்து, பணம் வசூலிக்கும் நிறுவனம். பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் எழுதியவர்களுக்குச் சேரும் பங்குக்கு ராயல்டி என்று பெயர்.

இதை வசூலிக்கும் ஏற்பாடு பிரான்சில் பழையது. 1847-ல் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் பாரிசில் ஒரு கஃபேயில் உட்கார்ந்திருந்தார். அங்கே அவர் எழுதிய பாட்டையே பாடினார்கள். என் பாட்டுக்கு நீங்கள் பணம் தராதபோது உங்கள் பானத்துக்கு நான் ஏன் தர வேண்டும் என்று மறுத்தார். வழக்கு நடந்தது, அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக 1851-ல் சாசெம் என்ற சங்கம் உருவானது. அதில் உறுப்பினராக அந்தக் காலத்தில் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபுக்கு இசையமைப்பாளர் தகுதி இல்லாததால், 'லா வீ ஆன் ரோஸ்' பாட்டின் வரிக்கு மட்டுமே அவர் பெயர் போட முடிந்தது. மெட்டு லூயிகி என்பவர் பெயரில் பதிவானது.

ஆங்கிலத் தழுவலுக்குப் பிரெஞ்சுப் பதிப்பாளரின் அனுமதி வேண்டும். அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் பதிப்பாளர் ஒருவர் தன் நாட்டுக்கான உரிமையை வாங்கி, தனக்குத் தெரிந்த பாடலாசிரியரிடம் கொடுப்பார். புது வரி எழுதியவருக்கு ஒரு பங்கு, மெட்டுப் போட்டவர்களின் பங்கு அப்படியே நீடிக்கும். ஆங்கா தான் ஒரு டாலருக்கு உரிமை வாங்கியதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு 'ஏமாற்றிவிட்டார்' என்பார்கள். ஒரு டாலர் என்பது ஒப்பந்தம் செல்லுபடியாவதற்கான பெயரளவுத் தொகை. மூலப் படைப்பாளிகளின் ராயல்டி பங்கு ஒப்பந்தத்திலேயே இருந்தது.

அனுமதி கிடைக்காதவர் கதையும் இதிலேயே இருக்கிறது. ஆங்காவுக்கு முன்பே, 1968-ல், அதிகம் அறியப்படாத பிரிட்டிஷ் பாடகராக இருந்த டேவிட் போயி இதே மெட்டுக்கு ஆங்கில வரி எழுதியிருந்தார். அது ஏற்கப்படவில்லை. அந்த ஏமாற்றத்திலிருந்து அவர் எழுதிய தனிப் பாட்டுதான் 1971-ல் வந்த 'லைஃப் ஆன் மார்ஸ்'. அந்த ஆல்பத்தின் அட்டையில், 'ஃப்ராங்கி' (அதாவது சினாட்ரா) தந்த தூண்டுதல் என்று தன் கையெழுத்திலேயே குறித்துவைத்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவில் வழக்கமான ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் ராயல்டி படைப்புக்கு மட்டும்தான், பதிவுக்குக் கிடையாது. அதாவது அந்த வானொலிகளில் சினாட்ராவின் 'மை வே' ஒலித்தபோதெல்லாம் படைப்பாளிகள் பங்கு பெற்றார்கள், பாடிய சினாட்ராவுக்கு ஒன்றும் இல்லை.

சுருக்கமாக: தழுவல் என்பது ஒப்பந்தப்படி நடக்கும் வேலை. வரி மாறினாலும் மெட்டின் சொந்தக்காரர்கள் மாறுவதில்லை.

ஸ்டாண்டர்ட் என்பது என்ன?

பல பாடகர்களும் வாத்தியக்காரர்களும் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தாளும் பாட்டை ஆங்கில இசை உலகில் ஸ்டாண்டர்ட் என்பார்கள். முன்பின் தெரியாத நாலு பேர் மேடையில் சந்தித்து, சுருதியை மட்டும் பேசிக்கொண்டு ஒத்திகை இல்லாமல் வாசிக்க முடிந்தால் அது ஸ்டாண்டர்ட்.

விற்பனை மட்டும் ஒரு பாட்டை அங்கே கொண்டுபோய் விடாது. 'மை வே' பிரிட்டனில் 1969-க்கும் 1971-க்கும் இடையே விட்டு விட்டு 75 வாரங்கள் தரவரிசைப் பட்டியலின் முதல் நாற்பதில் இருந்தது. அது பெரிய சாதனை. ஆனாலும் ஜாஸ் வாத்தியக்காரர்கள் அதிகம் தேடிப் போனது 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டைத்தான். அதன் சுரக்கூட்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்புகள், ஒன்றிலிருந்து ஒன்று இயல்பாக இறங்கிக்கொண்டே போகும். மேடையிலேயே புதிதாகக் கற்பனை செய்து வாசிக்க அது நல்ல களம். 1955-ல் ரோஜர் வில்லியம்ஸ் வரியே இல்லாமல் பியானோவில் வாசித்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். 1958-ல் கேனன்பால் ஆடர்லியும் மைல்ஸ் டேவிஸும் சேர்ந்து வாசித்த பதிவை ஜாஸ் கற்பவர்கள் இன்றும் பாடமாகக் கேட்கிறார்கள்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் 'லே ஃபோய் மோர்த்' பாட்டை முதலில் மோன்தான் குரலில், தொகையறாவோடு கேளுங்கள். பிறகு மெர்சர் வரிகளில் யார் பாடியிருந்தாலும் சரி. பாட்டின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களையும் பாருங்கள். 'ஆட்டம் லீவ்ஸ்' என்றால் கோஸ்மா, ப்ரெவேர், மெர்சர். 'மை வே' என்றால் ரெவோ, ஃப்ரான்ஸ்வா, திபோ, ஆங்கா. சினாட்ராவின் பெயர் அந்த வரிசையில் இருக்காது.